கையேடா, காணொளியா, நேர்ப்பேச்சா: அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு எதைத் தருவது?

வட சென்னையில், வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் நாற்பது படுக்கைகளோடு இயங்கும் எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பேருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. குடலிறக்கம், விரைவீக்கம், பித்தப்பைக் கல், கருப்பை நீக்கம், எப்போதாவது மூட்டு மாற்று என்பவையே எங்கள் அன்றாடம். நோயாளிகள் பயத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் வருகிறார்கள், வந்த பிறகு எதற்கும் ஒத்துழைக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று மயக்க மருந்து மருத்துவர் பலமுறை சொன்னதன் பேரில், அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கிய நிர்வாகம், எந்த வழியில் செலவிடலாம் என்று வார்டு பொறுப்புச் செவிலியரான என்னிடம் எழுதிக் கேட்டது. அச்சிட்ட கையேடு, செல்பேசியில் பார்க்கும் காணொளி, வாரம் ஒருமுறை குழு வகுப்பு, செவிலியர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுவது என நான்கு யோசனைகள் மேசையில் இருந்தன. ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதை யாரும் யோசனை என்று சொல்வதில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது: முதல் நாள் இரவு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிடுவது.

ஒப்பிடுவதற்கு முன், பயம் எதைப் பற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக நான் கேட்டு வரும் கேள்விகளில் கத்தியைப் பற்றியவை குறைவு. "மயக்கம் தெளியாமலே போயிடுமா?", "பாதியில முழிச்சிக்கினா என்னா பண்றது?", "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிதானாமே?", "எத்தினி நாள்ல வேலைக்குப் போலாம்?" என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்பதில்லை. வார்டைப் பெருக்கும் ஆயாவிடமும், பக்கத்துப் படுக்கைக்காரரிடமும், வெளியே டீக்கடையில் நிற்கும் உறவினரிடமும் கேட்கிறார்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட மைத்துனி ஒருத்தியோ, பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஸ்டான்லியில் முப்பது ஆண்டுகளுக்கு முன் குடல்வால் எடுத்துக்கொண்ட மாமா ஒருவரோ இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆகவே நாம் வாயைத் திறக்காவிட்டாலும் நோயாளிக்குப் பாடம் நடந்துவிடுகிறது. நடத்துகிறவர் யார் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

மாத்திரையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பற்றிய முடிவு எளிது. 1963-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து மருத்துவரும் அவருடைய குழுவினரும், அறுவைக்கு முன் தூக்க மருந்து பெற்றவர்களையும் மயக்க மருந்து மருத்துவர் நேரில் வந்து பேசிய நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்களே தவிர அமைதி அடைந்ததாகக் காட்ட முடியவில்லை. பேச்சுப் பெற்றவர்கள் தெளிவாகவும் இருந்தார்கள், அமைதியாகவும் இருந்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சில் 1,062 நோயாளிகளிடம் லோராசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடும், எதுவும் கொடுக்காததோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், மாத்திரை பெற்றவர்களின் அனுபவம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. மயக்கத்திலிருந்து தெளிவதுதான் தாமதமானது. சிலருக்கு மாத்திரை தேவைப்படலாம், அதை மயக்க மருந்து மருத்துவர் ஆளைப் பார்த்து எழுதட்டும். எல்லாருக்கும் ஒன்று என்று இரவு எட்டு மணிக்குத் தட்டில் எடுத்துச் செல்லும் வழக்கத்துக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

பேச்சினால் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதோடு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதே எக்பர்ட் குழு 1964-இல் பாஸ்டனில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம், விழித்த பிறகு எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று சொல்லிக் கொடுத்தது. அவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழ பாதியே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்று அறியாத அறுவை மருத்துவர்கள் அவர்களை 2.7 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நோயாளிகள் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்த காலம் என்பதை மறக்கக் கூடாது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, 105 ஆய்வுகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய தயாரிப்பு மருத்துவமனையில் தங்கும் காலத்தைச் சுமார் அரை நாள் குறைக்கக்கூடும் என்றும், வலியும் மனக்கலக்கமும் ஓரளவு குறையலாம் என்றும், ஆனால் சான்றுகளின் தரம் உயர்வாக இல்லை என்றும் சொன்னது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று பற்றி மட்டும் 2014-இல் வந்த மற்றொரு காக்ரேன் தொகுப்பு, வழக்கமான கவனிப்பைவிட முன்கூட்டிய வகுப்புகளால் பெரிய ஆதாயம் இருப்பதாகக் காணவில்லை. நிர்வாகத்திடம் அற்புதம் எதையும் வாக்களிக்க நான் தயாராக இல்லாததற்கு இவையே காரணம்.

கையேட்டின் பக்கம் நியாயங்கள் உண்டு. ஒருமுறை அச்சடித்தால் ஓராண்டுக்கு வரும். சொல்ல மறந்த செய்தி அதில் இருக்கும். வீட்டில் படிக்கத் தெரிந்த பெண் பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் தெலுங்கு பேசும் பழைய வண்ணாரப்பேட்டைக் குடும்பங்கள் உண்டு, உருது பேசும் மண்ணடிக்காரர்கள் உண்டு, மணலியிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் வட இந்தியத் தொழிலாளர்களும் உண்டு. தமிழே தாய்மொழியாக உள்ளவர்களுக்குக்கூட நம் கையேடுகளின் தமிழ் புரிவதில்லை. "உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று அச்சிட்ட கையேட்டை எங்களிடம் பெற்ற நோயாளி ஒருவர், காலை ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்து, "சாப்பாடுதான் கூடாதுன்னீங்க, டீதானேம்மா" என்று சொன்னதும், அவருடைய குடலிறக்க அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போனதும் எங்கள் வார்டிலேயே நடந்தது. தவறு அவருடையது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

உண்ணாதிருக்கும் நேரம் என்ற இந்த ஒரு செய்தியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நெடுநாள் வழக்கப்படி, "ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூட வாயில படக் கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம். பட்டியலில் நான்காவதாக உள்ளவரின் முறை பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறது. பதினான்கு மணி நேரம் நாக்கு வறண்டு, தலைவலியோடு படுத்திருக்கும் ஒருவரிடம் பதற்றப்படாதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. இட்லி போன்ற எளிய உணவுக்கும் பாலுக்கும் பால் கலந்த டீக்கும் ஆறு மணி நேரம், தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்ற தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பதே இன்று மயக்க மருந்து வழிகாட்டுதல்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. நீரிழிவு, உடல்பருமன், வயிறு காலியாவதில் சிக்கல் உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார். நோயாளியின் வசதி என்று நாம் பேசுவதில் பாதி இந்த ஒரு தாகத்தில் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்க்க எந்தப் பாடமும் வேண்டாம், பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மணி எழுதிக் கொடுத்தால் போதும். ஆகவே பன்னிரண்டு பக்கக் கையேடு வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும் என்பது என் முடிவு: கடைசியாகச் சாப்பிடும் மணி, கடைசியாகத் தண்ணீர் குடிக்கும் மணி, சர்க்கரை மாத்திரையும் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் என்றைக்கு நிறுத்த வேண்டும் என்ற மருத்துவரின் குறிப்பு, அழைக்க வேண்டிய வார்டு தொலைபேசி எண். பெரிய எழுத்தில், கடிகாரப் படத்தோடு, தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும்.

காணொளிக்கு நிர்வாகத்தில் ஆதரவு அதிகம், அது எனக்கும் புரிகிறது. ஒருமுறை எடுத்தால் போதும், யார் பணியில் இருந்தாலும் அதே செய்தி போய்ச் சேரும். கையேட்டால் முடியாத ஒன்று அதனால் முடியும்: இடத்தைக் காட்ட முடியும். தியேட்டரின் குளிர், பச்சைத் துணி, தலைக்கு மேல் வட்ட விளக்கு, முகமூடி அணிந்த முகங்கள், கையில் இறுகித் தளரும் இரத்த அழுத்தப் பட்டை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட்டவருக்கு அவை மறுநாள் புதிதாக இருப்பதில்லை. அதற்கு நம் தியேட்டரில், நம் ஊழியர்களைக் கொண்டே எடுக்க வேண்டும். யூடியூபில் கிடைக்கும் அறுவைக் காட்சிகளை அனுப்பி வைப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு. ஆனால் காணொளியிடம் கேள்வி கேட்க முடியாது. மேலும் இந்தப் பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணின் வாட்ஸ்அப் பெரும்பாலும் மகனுடைய செல்பேசியில்தான் இருக்கிறது. கருப்பை நீக்கம் பற்றிய படத்தை மகனுக்கு அனுப்பி, "அம்மாவிடம் காட்டுங்கள்" என்று சொல்வதில் உள்ள சங்கடத்தை அலுவலக அறையில் இருந்து யோசிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு நிமிடத்துக்கு மிகாமல், தியேட்டர் வாசல் முதல் மயக்கம் தெளியும் அறை வரை மட்டும் காட்டும் ஒரு படம், நேரில் பேசும்போது அங்கேயே போட்டுக் காட்டுவதற்குப் பயன்படும். அதைத் தனியே ஒரு வழியாக ஏற்க எனக்கு மனமில்லை.

குழு வகுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் சேர்ந்தால் பேசுகிறார்கள், ஒருவர் கேட்ட கேள்வி ஐவருக்கு விடையாகிறது. விரைவீக்கத்துக்கு வந்திருக்கும் ஆண்கள் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. ஒருவர் கெட்ட கதையைச் சொல்லிவிட்டால் அறை முழுவதும் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. மூட்டு மாற்றுக்கு வருகிறவர்களையும், வீட்டில் அவர்களைத் தூக்கி நடத்தப் போகும் மகளையோ மருமகளையோ ஒன்றாக உட்கார வைத்து நடைச்சட்டத்தைப் பிடிக்கப் பழக்குவதற்கு மட்டும், மேலே சொன்ன 2014 தொகுப்பின் ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே, மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது நேர்ப்பேச்சு. அதற்கு ஆதரவாக நான் பெரிதும் நம்பும் ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018-இல் வெளிவந்தது, ஏனெனில் அது நம் கேள்வியையே கேட்டது. மேல்வயிற்றில் பெரிய அறுவைக்கு வந்த 441 பேரில் எல்லாருக்கும் கையேடு கொடுக்கப்பட்டது; பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, இயன்முறை மருத்துவர் ஒருவர் ஒரே ஒருமுறை முப்பது நிமிடம் பேசி, நுரையீரலில் சளி தேங்காமலிருக்க மூச்சுப் பயிற்சி செய்யப் பழக்கினார். கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பேச்சும் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கே வந்தது. எங்கள் பித்தப்பை அறுவைகள் துளை வழியே நடப்பவை என்பதால் இந்த எண்கள் அப்படியே எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும், காகிதத்தை நீட்டுவதற்கும் எதிரே உட்கார்ந்து "எங்கே, ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் அறியேன்.

என்ன பேசுவது என்பதில்தான் நாங்கள் இதுவரை தவறியிருக்கிறோம். அறுவை எப்படிச் செய்யப்படும் என்று விளக்குவதையே நாம் கல்வி என்று எண்ணுகிறோம். நோயாளிக்குத் தேவைப்படுவது தன் உடம்பு என்னவெல்லாம் உணரும், அப்போது தான் என்ன செய்ய வேண்டும் என்பது. பித்தப்பையைத் துளை வழியே எடுத்தவருக்கு அன்றிரவு வலது தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, ஓரிரு நாளில் தணியும். முன்பே சொல்லியிருந்தால் செவிலியரைக் கூப்பிட்டு வலி மாத்திரை கேட்பார். சொல்லாவிட்டால் மாரடைப்பு என்று நினைத்து விடிய விடியக் கண்விழித்திருப்பார், வீட்டாரையும் எழுப்பி உட்கார வைப்பார். முதுகு ஊசி போட்டால் கால்கள் முதலில் சூடாகி, பிறகு மரத்துப்போய், யாருடைய காலோ என்பது போலக் கிடக்கும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும்போது சிறுநீர் வருவது போலவே முட்டிக்கொண்டிருக்கும். முழு மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் வைத்தவர்களுக்குத் தொண்டை கரகரக்கும். விழிக்கும்போது உடல் தூக்கிப் போடுவது போல நடுங்கலாம், கம்பளி கேட்கலாம். அந்த ஆயுள் முழுவதுமான இடுப்பு வலியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரலாம், அதற்கு மருத்துவம் உண்டு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்ற வாக்கியத்தை மட்டும் எங்கள் வார்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஏதோ ஒன்று ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனபோது நம்மை நம்பாமல் போகிறார்கள்.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்வதும் சரியல்ல. விவரம் தெரிந்தால் அமைதியாகிறவர்கள் உண்டு, விவரம் கேட்டாலே வியர்க்கிறவர்களும் உண்டு. 1996-இல் நெதர்லாந்தில் உருவான ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் ஆறே வாக்கியங்களில் இதைக் கண்டுபிடிக்க உதவுகிறது: நான்கு பயத்தைப் பற்றியவை, இரண்டு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதைப் பற்றியவை. அதைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்க இரண்டு நிமிடம் ஆகும். விவரம் வேண்டாம் என்பவரிடம் உண்ணும் நேரம், மூச்சுப் பயிற்சி, வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இது செவிலியர் பேச்சுக்கான எல்லை மட்டுமே. சிகிச்சையின் தன்மை, ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றைச் சொல்லி ஒப்புதல் பெறுவது மருத்துவரின் சட்டக் கடமை; சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது, செவிலியர் பேசிவிட்டார் என்பது அதற்கு ஈடாகாது.

எப்போது பேசுவது என்பதில் எனக்கும் மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. முதல் நாள் மாலை படுக்கையருகே வந்து பேசினால் போதும் என்றார்கள். அந்த மாலையில் நோயாளியின் காதில் எதுவும் விழுவதில்லை. நகை கழற்றுவது, முடி மழிப்பது, காப்பீட்டுத் தாளில் கையெழுத்து, பார்க்க வந்த பதினைந்து உறவினர் என்று அது திருவிழா மாலை. அறுவைக்கு உடல் தகுதியாக இருக்கிறதா என்று ஃபிட்னஸ் பார்க்க வரும் நாளே சரியான நாள். அறுவைக்கு ஒரு வாரமோ பத்து நாட்களோ இருக்கும், மூச்சுப் பயிற்சியைப் பழக நேரம் இருக்கும், புகையிலையை விட முயல்பவருக்கும் ஒரு தொடக்கம் கிடைக்கும். அன்று எப்படியும் இசிஜிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து, விட்டதை மீண்டும் சொல்லி அனுப்பலாம். முதல் நாள் மாலை ஐந்து நிமிட நினைவூட்டல் போதும்.

செலவுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இருபது பேருக்கு ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு ஐந்நூறு நிமிடம், அதாவது எட்டு மணி இருபது நிமிடம். ஒரு செவிலியரின் ஒரு நாள் பணி. காணொளி ஒருமுறைச் செலவு, இது மாதாமாதச் செலவு. ஆள் குறைவான நாளில் முதலில் நிற்கப்போவதும் இந்தப் பேச்சுதான் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சுழற்சிப் பணியில் சேர்க்காமல், வார்டில் நெடுநாள் இருந்த ஒருவரைச் செவ்வாய், வெள்ளி முற்பகல்களுக்கு இதற்கென்றே விட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். தெலுங்கு பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

எனவே என் பரிந்துரை, ஒதுக்கிய தொகையின் பெரும் பகுதியை அந்த ஒரு நாள் பணிக்கும், மீதியை ஒற்றைத் தாளுக்கும் நான்கு நிமிடப் படத்துக்கும் செலவிடுவது. சாப்பிட்டுவிட்டு வந்ததால் தள்ளிப்போன அறுவைகள் எத்தனை, கடைசியாகத் தண்ணீர் குடித்ததற்கும் மயக்கம் கொடுத்ததற்கும் இடையே எத்தனை மணி, முதல்முறை எழுந்து நடந்தது எப்போது என்ற மூன்றையும் ஆறு மாதம் நோட்டில் குறித்து வருவோம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. காசிமேட்டு விசைப்படகுகளில் போகும் ஆண்கள் தள்ளிப்போட்டு வைத்த குடலிறக்கத்தை அந்த அறுபத்தொரு நாளில்தான் செய்துகொள்ள வருகிறார்கள். எங்களுக்குக் கூட்டம் கூடுவதும் அப்போதுதான். அதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். புறநோயாளிப் பிரிவை ஒட்டிய பழைய ஊசி போடும் அறை காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு மூன்று நாற்காலிகள் வேண்டும்: ஒன்று நோயாளிக்கு, ஒன்று செவிலியருக்கு, ஒன்று வீட்டில் யார் சொன்னால் அந்த நோயாளி கேட்பாரோ அவருக்கு.